கறுப்பினப் பெண்களின் புற்றுநோய் ஆய்வுகளை வன்னியில் இருந்து வாசிப்பது

2025 பங்குனி 4 – வாசகர் ஒருவரின் கேள்வி (வவுனியா)

"அக்கா, அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் மார்பகப் புற்றுநோயால் இறப்பது வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம் என்று வாசித்தேன். இது இரத்தத்தோடு வந்த வேறுபாடு, மாற்ற முடியாதது என்பது என் எண்ணம். அப்படிப் பார்த்தால் எங்கள் தமிழ்ப் பெண்களுக்கு இரத்தமும் சாப்பாடும் சேர்ந்து ஒரு பாதுகாப்பைத் தந்திருக்க வேண்டும். இறுதியாண்டு ஆய்வுக்கு வன்னியில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்களிடையே புற்றுநோய் வேறுபாடுகள் என்ற தலைப்பை எடுக்கலாமா? நீங்கள் பொதுச் சுகாதாரத் தாதியாக இருந்தவர். இது தேறுமா?"

பங்குனி 5

தம்பி, 40 சதவீதம் என்பது சரியான எண். அதன் பக்கத்தில் நிற்க வேண்டிய மற்ற எண்ணை விட்டுவிட்டீர்கள். அதே நாட்டில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வீதம் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 5 சதவீதம். குறைவாக வருகின்ற நோய் கூடுதலாகக் கொல்கின்றது. வருவதையும் இறப்பதையும் தனித்தனியே எழுதாத எந்த அட்டவணையையும் நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. 1980களின் தொடக்கத்தில் இரு சாராரின் இறப்பு வீதமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மார்பகத்தை எக்ஸ்கதிரால் படம் எடுக்கும் மமோகிராம் பரவலாகி, ஈஸ்திரோஜன் ஓமோனைத் தடுக்கும் தமொக்சிபென் போன்ற மருந்துகள் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வழக்கமாகக் கொடுக்கப்பட்ட காலத்தில், வெள்ளையினப் பெண்களின் இறப்பு வேகமாக இறங்கியது. கறுப்பினப் பெண்களின் இறப்பு தாமதமாகவும் மெதுவாகவும் இறங்கியது. இடைவெளி அங்கேதான் பிறந்தது. சிக்காகோ நகரில் 1980இல் இருவருக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. 2000களின் நடுப்பகுதிக்குள் கறுப்பினப் பெண்களின் இறப்பு வீதம் வெள்ளையினப் பெண்களுடையதைவிட 60 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தது. இடைவெளியின் அளவும் நகரத்துக்கு நகரம் வேறுபடுகின்றது: மெம்பிஸ் நகரில் அது மிகப் பெரிது, நியூயோர்க்கில் அதைவிட மிகவும் குறைவு. இருபத்தைந்து வருடத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் இரத்தம் மாறாது, நகர எல்லையைக் கடக்கும்போதும் மாறாது.

பங்குனி 5, இரவு

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல மறந்தேன். ஒடியற் கூழ் புற்றுநோயைத் தடுக்கும் என்று எவரும் நிறுவியதில்லை, அதன் ருசியை யாரும் மறுத்ததுமில்லை. இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் இருக்கின்றது. ஏறத்தாழ நான்கில் ஒன்று அதுதான். எங்கள் வீதம் மேற்கு நாடுகளின் வீதத்தைவிடக் குறைவு என்பது உண்மை. பிள்ளைகளின் எண்ணிக்கை, முதற் பிள்ளை பெறும் வயது, பாலூட்டும் காலம், உடற் பருமன், சனத்தொகையின் வயது, கண்டுபிடிக்கும் வசதி என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இரத்தத்துக்கு நன்றி சொல்வது அவசரம்.

பங்குனி 9

முதற் குறிப்பை வாசித்துவிட்டு, "அப்படியென்றால் உயிரியல் ஒன்றுமில்லை, எல்லாம் காசும் வசதியுந்தான்" என்று இன்னொருவர் முடிவு கட்டியிருக்கிறார். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மார்பகப் புற்றுநோயில் மும்மறை வகை என்று ஒன்று உண்டு. ஈஸ்திரோஜன், புரோஜெஸ்திரோன் ஆகிய இரண்டு ஓமோன் ஏற்பிகளும், ஹேர் 2 என்ற புரதத்தின் மிகையும் அதில் இருக்காது. ஆகவே தமொக்சிபெனும் அதற்கு வேலை செய்யாது. இந்த வகை இளவயதில் வரும், வேகமாக வளரும், ஒரு மமோகிராமுக்கும் அடுத்த மமோகிராமுக்கும் இடையில் தலைகாட்டிவிடும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் இது வெள்ளையினப் பெண்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்படுகின்றது. நைஜீரியாவில் பிறந்து சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஒலுபுன்மிலாயோ ஒலோபாடே என்ற வைத்தியர் மேற்கு ஆபிரிக்கப் பெண்களிடமும் இதே போக்கைக் கண்டு, பல வருடங்களாக அதை ஆராய்ந்து வருகிறார்.

இதில் நான் கவனித்து வாசித்தது கானாவையும் எதியோப்பியாவையும் ஒப்பிட்ட ஆய்வுகளை. கானா நாட்டு நோயாளிகளில் மும்மறை வகை மிக அதிகம். எதியோப்பிய நோயாளிகளில் அது அமெரிக்க வெள்ளையினப் பெண்களின் அளவுக்கே வந்து நிற்கின்றது. இரு நாட்டவரும் அமெரிக்கப் படிவத்தில் "கறுப்பினம்" என்ற ஒரே கட்டத்துக்குள் விழுவார்கள். ஆக, உயிரியல் வேறுபாடு இருக்கின்றது. அது மூதாதையர் வாழ்ந்த இடத்தோடு போகின்றது, படிவத்தின் கட்டத்தோடு போகவில்லை.

பங்குனி 10

நேற்றையதற்கு ஒரு தொடர்ச்சி. 2009இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, ஒரே புற்றுநோய்ப் பரிசோதனைக் குழுவின் 35 பரிசோதனைகளில் சேர்ந்த ஏறத்தாழ 20,000 நோயாளிகளை எடுத்துப் பார்த்தது. எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே ஒழுங்கு, ஒரே கண்காணிப்பு. நுரையீரல், பெருங்குடல், இரத்தப் புற்றுநோய்களில், வறுமை முதலிய காரணங்களைக் கணக்கில் எடுத்த பின்னர், இனங்களுக்கு இடையிலான இடைவெளி மறைந்துவிட்டது. மார்பகம், சூலகம், ஆண்களின் முன்னிலைச் சுரப்பி (புரொஸ்டேட்) ஆகிய மூன்றில் மட்டும் இடைவெளி நின்றது.

இதை வைத்து "பார்த்தீர்களா, இரத்தந்தான்" என்று எழுத வருவீர்கள் என்று தெரியும், ஆகவே முந்திக்கொள்கிறேன். ஒரே மருந்தைக் கொடுத்தார்கள் என்பதால் பெண்கள் ஒரே நிலையில் வந்தார்கள் என்று ஆகாது. ஐந்து வருடம் விழுங்க வேண்டிய குளிகையை ஐந்து வருடமும் விழுங்கினாளா, இடையில் மருந்தின் பக்க விளைவு தாங்காமல் விட்டாளா, விட்டதைச் சொல்ல ஒருவர் இருந்தாரா என்பவை பரிசோதனையின் வாசலுக்கு வெளியே நடப்பவை. இருந்தாலும் அந்த ஆய்வு என்னை நிதானிக்க வைத்தது. கிளினிக்கையும் பேருந்தையும் சரிசெய்தால் எல்லா இடைவெளியும் அடைபட்டுவிடும் என்று நான் நெடுங்காலம் நம்பி வந்தேன். இப்போது பெரும் பகுதி அடைபடும் என்று மட்டும் சொல்வேன்.

பங்குனி 18

அரிவி வெட்டு முடிந்ததால் இன்று ஆறுதலாக எழுத முடிகின்றது. என்னை மிகவும் பாதித்த ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். அது மருந்தைப் பற்றியதும் அல்ல, மரபணுவைப் பற்றியதும் அல்ல. ஒரு பின்னத்தின் கீழே எந்த எண்ணைப் போடுவது என்பதைப் பற்றியது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் இறப்பு வீதத்தைக் கணக்கிடும்போது, மேலே இறந்த பெண்களின் எண்ணிக்கையையும் கீழே அந்நாட்டின் எல்லாப் பெண்களையும் போடுவது வழக்கமாக இருந்தது. ஆனால் கருப்பையைக் கழுத்தோடு சேர்த்து அகற்றிய பெண்ணுக்கு அந்த நோய் வர முடியாது. அவளைக் கீழே சேர்ப்பதால் வீதம் பொய்யாகக் குறைகின்றது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்குக் கருப்பையில் நார்க்கட்டிகள் கூடுதலாக வருவதால் கருப்பை அகற்றலும் கூடுதலாக நடக்கின்றது. 2017இல் ஒரு குழு அப்பெண்களைக் கீழிருந்து நீக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பச் செய்தது. வெள்ளையினப் பெண்களின் இறப்பு வீதம் ஒரு இலட்சத்துக்கு 3.2 என்பதில் இருந்து 4.7 ஆக ஏறியது. கறுப்பினப் பெண்களுடையது 5.7 என்பதில் இருந்து 10.1 ஆக ஏறியது. இடைவெளியில் ஏறத்தாழப் பாதி, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல், வகுத்தலுக்குள் மறைந்து கிடந்திருக்கின்றது.

இதை வாசித்த அன்று என் பழைய கிளினிக் நாட்கள் முழுவதும் ஞாபகத்துக்கு வந்தன. சுகவனிதையர் கிளினிக்குகள் இந்நாட்டில் 1996இல் தொடங்கப்பட்டவை. 35 வயதுப் பெண்களை அழைத்து, கருப்பைக் கழுத்தின் கலங்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனை செய்வது அவற்றின் முக்கிய வேலை, பின்னர் 45 வயதும் சேர்ந்தது. எத்தனை பேரில் எத்தனை பேருக்குச் செய்தோம் என்று மாத முடிவில் எழுத வேண்டும். மேலே உள்ள எண் கண்ணாடித் தகடுகளை எண்ணினால் வந்துவிடும். கீழே உள்ள எண் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் இருந்து வர வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய வருடங்களில் அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: ஒரு பெயருக்கு மேல் கோடு, பக்கத்தில் பென்சிலால் "முகாம்", அதன் மேல் பேனாவால் "இந்தியா", அதையும் வெட்டி "வந்துவிட்டார்". பிறப்புச் சாட்சிப்பத்திரம் தொலைந்தவர்களுக்கு வயது ஓர் உத்தேசம். மூத்த பிள்ளையின் வயதோடு இருபதைக் கூட்டி எழுதியவர்களை எனக்குத் தெரியும். அப்படி எழுதப்பட்ட "35" மீதுதான் எங்கள் வீதங்கள் நின்றன.

பதிவேட்டில் பெயர் இருந்தும் வராதவர்கள் வேறு. போரில் கணவனை இழந்த ஒரு பெண், அழைப்புத் துண்டை என் கையிலேயே திருப்பித் தந்து, "புருசன் இல்லாத எனக்கு உந்தக் கிளினிக் எதுக்கு மிஸ்ஸி?" என்று கேட்டார். அது பிள்ளை பெறுகின்றவர்களுக்கும் குடும்பக் கட்டுப்பாடு செய்கின்றவர்களுக்கும் உரிய இடம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரசு உடலில் தங்கிப் புற்றுநோயாக மாறப் பத்து, இருபது வருடங்கள் எடுக்கும் என்பதால், தனித்து வாழும் பெண்ணுக்கும் அந்தப் பரிசோதனை வேண்டும் என்று சொன்னேன். வைரசு எப்படி வந்தது என்று அவர் கேட்டிருந்தால், அது உடலுறவால் தொற்றுவது என்பதைப் பக்கத்து வாங்கில் இருந்தவர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அவர் கேட்கவில்லை, அடுத்த கிளினிக்குக்கு வரவுமில்லை.

பெண்களைக் குடும்பத் தலைவிகளாகக் கொண்ட வீடுகள் நிறைந்த ஒரு மாவட்டத்தில், இப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள் அல்லர்.

பங்குனி 19

கருப்பை உட்படலப் புற்றுநோயிலும் இதே கதையா என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே வேறு விதம். அமெரிக்காவில் அந்த நோயால் கறுப்பினப் பெண்கள் இறக்கும் வீதம் வெள்ளையினப் பெண்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாதவிடாய் நின்றபின் இரத்தம் போகும் பெண்ணுக்கு ஸ்கான் செய்து, உட்படலத்தின் தடிப்பு 4 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், இழையம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை என்பது ஒரு வழக்கம். நார்க்கட்டிகள் நிறைந்த கருப்பையில் அந்தத் தடிப்பைச் சரியாக அளப்பது கடினம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெமி டோல் என்ற வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும், இந்த எல்லைக்கோடு கறுப்பினப் பெண்களில் கூடுதலான புற்றுநோய்களைத் தவறவிடும் என்று காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே கோடு போட்டால் நியாயம் என்று நாங்கள் நினைப்போம். ஒரே கோட்டில் கூடுதலாகத் தவறவிடப்படுகின்றவர்கள் யார் என்பது பிறகுதான் தெரிய வருகின்றது.

சித்திரை 2

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கிளிநொச்சியில் பிறந்தவர், இப்போது அங்கே மமோகிராமுக்கு அழைப்பு வந்திருக்கின்றது, "எங்கட ஆக்களுக்கு இது குறைவுதானே, போக வேண்டுமா?" என்பது கேள்வி. போங்கள். கேள்விக்கு விடை அவ்வளவுதான், ஆனால் காரணம் சுவையானது.

1993இல் கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் வாழ்ந்த சீன, ஜப்பானிய, பிலிப்பைன்ஸ் வம்சாவளிப் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆசியாவின் கிராமங்களில் இருந்து அண்மையில் போனவர்களுக்கும், அமெரிக்காவிலேயே தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் இடையே மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஆறு மடங்கு வேறுபட்டது. ஒரே வம்சாவளி, ஒரே முகம், ஆறு மடங்கு. இரத்தத்தின் பாதுகாப்பை நம்பி விமானம் ஏறுகின்றவர்கள் இதை வாசிக்க வேண்டும்.

இதே "ஆசியர்" என்ற கட்டம் வேறொன்றையும் மறைத்தது. 1988க்கும் 1992க்கும் இடைப்பட்ட அமெரிக்கத் தரவுகளை உடைத்துப் பார்த்தபோது, வியட்நாமியப் பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வீதம் ஒரு இலட்சத்துக்கு 43 ஆக இருந்தது. வெள்ளையினப் பெண்களுக்கு (ஸ்பானிய வம்சாவளியினர் நீங்கலாக) அது 7.5. ஆசியர் அனைவரையும் கூட்டி ஒரு சராசரி எடுத்தவர்களுக்கு அந்த 43 கண்ணில் படவே இல்லை. யுத்தத்துக்குப் பின் அகதிகளாக வந்தவர்கள், மொழி தெரியாதவர்கள், பாப் பரிசோதனையைக் கேள்விப்படாதவர்கள் என்று அவர்களைப் பற்றி வாசிக்கும்போது, பக்கத்து ஊர்க்காரரைப் பற்றி வாசிப்பது போல இருந்தது.

சித்திரை 3

தம்பி, உங்கள் தலைப்புக்கு இப்போது வருகிறேன். "தமிழ்ப் பெண்கள்" என்று ஒரு நிரல் போடப் போகிறீர்கள். வன்னியில் அந்த நிரலுக்குள் யார் இருக்கிறார்கள்?

இந்நாட்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. 1958இலும் 1977இலும் நடந்த கலவரங்களுக்குப் பின் மலையகத்தில் இருந்து அடிபட்டு வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிவத்தில் "இலங்கைத் தமிழர்" என்றே எழுதுகிறார்கள். எழுத அவர்களுக்கு முழு உரிமை உண்டு, சில வேளை அதற்கு நியாயமான பயமும் உண்டு. ஆனால் காணி இல்லாமை, கூலி வேலை, பள்ளிக்கூடம் இடையில் நின்றது, வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடும் பழக்கம் என்று நோயோடு தொடர்புடைய எத்தனையோ விடயங்கள் அந்த ஒரே சொல்லின் கீழ் கரைந்து போகின்றன. குறிப்பாக வாய்ப் புற்றுநோய். அது ஆண்களின் நோய் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நாற்று நடும் பெண்களின் மடியில் உள்ள வெற்றிலையையும் புகையிலையையும் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

"அப்படியானால் அவர்களிடம் மலையக வம்சாவளியா என்று கேட்கலாமா?" என்று கேட்பீர்கள். கேள்வி கேட்கப்படும் முறையிலேயே ஆளைக் குறைத்துவிட முடியும். பாட்டன் எங்கே பிறந்தார், காணி உறுதி யாருடைய பெயரில், எத்தனையாம் வகுப்பு வரை என்று கேட்டால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

சித்திரை 21

மலேரியாவைப் பற்றிப் பேசாமல் வன்னியில் சுகாதாரம் பற்றி ஒன்றும் எழுத முடியாது, புற்றுநோயில்கூட.

மேற்கு ஆபிரிக்க வம்சாவளியில் மிகப் பெரும்பாலானோரின் செங்குருதிக் கலங்களில் டபி என்ற ஒரு மூலக்கூறு இருக்காது. பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற மலேரிய ஒட்டுண்ணி உள்ளே நுழையும் கதவு அதுதான், ஆகவே அந்தக் கதவு இல்லாதவர்கள் பிழைத்து வந்தார்கள். அதன் பக்க விளைவாக அவர்களின் குருதியில் நியூட்ரோபில் என்ற வெண்கலங்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கும். அது நோயல்ல, அவர்களுக்கு அதுவே வழமை. ஆனால் புற்றுநோய் மருந்துப் பரிசோதனைகள் பலவற்றில் சேர நியூட்ரோபில் ஒரு மைக்ரோலீற்றருக்கு 1,500க்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கின்றது. சிகிச்சையிலும் அந்த எண் குறைந்தால் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள் அல்லது அளவைக் குறைப்பார்கள். ஆரோக்கியமான கறுப்பினப் பெண் அவளுடைய வழமையான எண்ணோடு வந்து, பலவீனமானவளாகப் பதியப்பட்டு, குறைந்த மருந்தோடு வீட்டுக்குப் போகிறாள். உயிரியலும் அநீதியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும் இடம் இது. பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

எங்களுக்கு அந்த டபி விடயம் பொருந்தாது, ஆகவே வன்னியில் வைவாக்ஸ் தாராளமாக அடித்தது. காய்ச்சலும் நடுக்கமும் குளோரோகுவின் கசப்பும் இல்லாத சிறுவயது எங்களில் யாருக்கும் இருக்கவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தபோது எங்கள் பணிமனையில் இனிப்புக் கொடுத்தார்கள்.

சித்திரை 22

தலைமயிர் நேராக்கும் மருந்துகளால் புற்றுநோய் வருமா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ 33,000 பெண்களைப் பத்து வருடங்களுக்கு மேல் தொடர்ந்தபோது, அவற்றை ஒருபோதும் பாவிக்காதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதமாகவும், அடிக்கடி பாவித்தவர்களுக்கு 4.05 சதவீதமாகவும் கணிக்கப்பட்டது. பாவித்ததாகச் சொன்னவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினப் பெண்கள். தொடர்பு காட்டப்பட்டிருக்கின்றது, காரணம் நிறுவப்படவில்லை. நல்லெண்ணெய் வைத்துப் பின்னல் போடுகின்றவர்கள் கவலைப்பட வேண்டாம். கலியாணத்துக்கு முதல் நாள் சலூனுக்குப் போகின்றவர்கள் வருடத்தில் ஒருமுறைதானே என்று சொல்வார்கள். அந்த ஆய்வில் அடிக்கடி என்றால் வருடத்தில் நான்கு முறைக்கு மேல்.

வைகாசி 11

யாரை ஆராய்ந்தார்கள் என்பதோடு யார் ஆராய்ந்தார்கள் என்பதும் முக்கியம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன்.

1976இல் அமெரிக்காவில் தொடங்கிய தாதியர் சுகாதார ஆய்வில் 121,700 பேர் சேர்ந்தார்கள். மிகப் பெரும்பாலானோர் வெள்ளையினத்தவர். பெண்களின் உடலைப் பற்றி நாங்கள் பாடமாக்கியதில் பெரும்பகுதி அவர்களிடமிருந்து வந்தது. 1995இல்தான் கறுப்பினப் பெண்களை மட்டும் கொண்ட பெரிய ஆய்வு ஒன்று பொஸ்டனிலும் வாஷிங்டனிலும் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்களால் தொடங்கப்பட்டது. அவர்கள் பெண்களைக் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று பிடிக்கவில்லை. கறுப்பினப் பெண்கள் சந்தா கட்டி வாசித்த ஒரு சஞ்சிகையின் முகவரிப் பட்டியலுக்குக் கேள்விக் கொத்தைத் தபாலில் அனுப்பினார்கள். 59,000 பேர் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். அந்த மக்களுக்கு ஆராய்ச்சி என்ற சொல்லின் மீது நல்ல ஞாபகம் இருக்கவில்லை என்பதை வைத்து அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். 1951இல் ஹென்றியெற்றா லக்ஸ் என்ற கறுப்பினத் தாய் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்தார். அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட கலங்கள் இன்றும் உலக ஆய்வுகூடங்களில் வளர்கின்றன. எச்.பி.வி. பற்றிய ஆராய்ச்சியே அவற்றுக்குக் கடன்பட்டது. 2017இல் இருந்து எங்கள் 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பின்னால் அவரும் இருக்கிறார்.

தம்பி, வன்னிப் பெண்கள் கேள்விக் கொத்துகளில் ஊறியவர்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு யார் யாரோ வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். வீட்டில் எத்தனை பேர், கோழி எத்தனை, கூரை தகரமா ஓலையா. எழுதியதற்குப் பிறகு ஒன்றும் திரும்பி வரவில்லை. இதனால் இரண்டு வகையான பதில்கள் பழக்கமாயின: ஏதாவது கிடைக்கும் என்றால் குறைத்துச் சொல்வது, ஒன்றும் கிடைக்காது என்றால் கெதியாக முடிக்க "ஓம், ஓம்" என்பது. உங்கள் தரவில் "ஓம்" அளவுக்கு மிஞ்சி நிறைந்திருந்தால் அதைப் பெண்களின் நிலை என்று எழுதாதீர்கள். வெயிலில் நிறுத்தி வைத்துக் கேட்டதன் விளைவாகவும் இருக்கலாம்.

ஆனி 20

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெளிநாட்டில் இருந்து வந்தவர்களோடு கதைத்ததில் ஒரு விடயம் ஞாபகம் வந்தது, அது உங்கள் ஆய்வுக்கு நேரடியாக உதவும்.

எங்கள் பகுதியில் கட்டி கண்ட பெண் முதலில் எங்கே போகிறாள்? மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும்போது, ஒவ்வொரு முறையும் வீட்டில் இருந்து போய்வர முடியாது. உறவினர் வீட்டில் தங்குகிறாள். அனுமதிப் பத்திரத்தில் முகவரி கேட்கும்போது கூட வந்த உறவினர் முந்திக்கொண்டு அவருடைய முகவரியைச் சொல்கிறார், கடிதம் வந்தால் சேர வேண்டும் என்பதற்காக. இது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எழுதுவினைஞரின் மேசைக்குப் பக்கத்தில் நின்று நானே கேட்டது. அந்தப் பெண் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவர். படிவத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஆனார். மாவட்ட வாரியாகப் புற்றுநோய் அட்டவணை போடும்போது முல்லைத்தீவில் ஒருவர் குறைகிறார், யாழ்ப்பாணத்தில் ஒருவர் கூடுகிறார். பிறகு ஒருவர் வந்து, "வன்னியில் புற்றுநோய் குறைவு, நல்ல காற்று, நல்ல தண்ணீர்" என்று மேடையில் பேசுவார்.

பங்குனி மாதம் எழுதிய பின்னத்தின் கதையோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். அங்கே கீழ் எண் பிசகியது, இங்கே மேல் எண்.

ஆனி 21

"அப்படியானால் ஒன்றையும் நம்ப முடியாதா?" என்று கேட்டவருக்கு: நம்பலாம், எண் எப்படி வந்தது என்று பார்த்த பிறகு. பங்குனியில் நான் சொன்ன 40 சதவீதத்தை நம்புகிறேன், ஏனென்றால் அது பல வருடங்களாக, பல மாநிலப் பதிவேடுகளில் இருந்து, இறப்புப் பதிவோடு ஒப்பிட்டு வந்த எண். வன்னிக்கு அப்படி ஓர் எண் இன்னும் இல்லை. இனங்களுக்கு இடையே வேறுபாடு இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

ஆடி 6

தம்பி இறுதி முடிவு கேட்டிருக்கிறார். இனங்களுக்கு இடையே புற்றுநோய் வீதத்தை ஒப்பிடும் ஆய்வை இப்போது எடுக்க வேண்டாம். சில நூறு பெண்களைக் கேட்டுப் புற்றுநோய் வீதம் காண முடியாது. பத்து நோயாளிகள்கூடக் கிடைக்க மாட்டார்கள். ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்ட பெண்களை எடுங்கள். கட்டியையோ இரத்தப்போக்கையோ முதலில் கவனித்த நாளில் இருந்து முதல் வைத்தியரைப் பார்த்த நாள் வரை, அங்கிருந்து இழையப் பரிசோதனை முடிவு வந்த நாள் வரை, அங்கிருந்து சிகிச்சை தொடங்கிய நாள் வரை என்று மூன்று துண்டாகப் பிரியுங்கள். தாமதம் எந்தத் துண்டில் என்பதுதான் உங்கள் கேள்வி. அமெரிக்காவிலும் கறுப்பினப் பெண்களின் தாமதம் மமோகிராம் எடுப்பதில் இருந்ததைவிட, எடுத்த பின்னர் அடுத்த படிக்குப் போவதில் கூடுதலாக இருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். எங்கள் பெண்களில், "நோ இல்லைத்தானே" என்று முதல் துண்டிலேயே மாதங்கள் போவதை நான் பார்த்திருக்கிறேன். வலி இல்லாத கட்டியைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதை நாங்கள் இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

இனம் என்ற நிரலை நீக்கச் சொல்ல மாட்டேன். வைத்திருங்கள். அதோடு வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்குத் தூரம், நிரந்தர முகவரி, தங்கியிருந்த முகவரி, கருப்பை அகற்றப்பட்டதா, சிகிச்சையின்போது பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்பவற்றையும் சேருங்கள். இவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும் இனம் தனியாக ஏதாவது சொல்கின்றதா என்று பாருங்கள். சொன்னால் எழுதுங்கள், பயப்பட வேண்டாம். இந்த நாட்டில் அதை எழுதுவது எவ்வளவு சிக்கல் என்பது எனக்கும் தெரியும்.

நேர்காணலுக்கு நீங்கள் போகாதீர்கள். மார்பைப் பற்றி ஒரு வாலிபன் கேட்டால் எங்கள் அம்மாமார் தேநீர் தந்து, ஊர்ப் புதினம் கேட்டு, உபசரித்து அனுப்பிவிடுவார்கள். படிவம் வெறுமையாக இருக்கும். உங்கள் வகுப்பில் படிக்கும் பெண் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்து, அவர்களின் பெயரையும் ஆய்வில் போடுங்கள். பல்கலைக்கழக ஒழுக்கவியல் குழுவின் அனுமதி, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதி, இரண்டும் எழுத்தில் வேண்டும்.

ஆடி 7

ஒன்று விடுபட்டது. நோயாளிகளின் வீட்டுக்குப் போகும்போது அவர்களின் சகோதரியோ மகளோ அயலவரோ நேர்காணலுக்குப் போன பெண் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, எனக்கும் இப்படி ஒன்று இருக்கின்றது என்று சொல்வார்கள். கட்டாயம் சொல்வார்கள், இரண்டு மூன்று வீட்டுக்கு ஒருவராவது. அவர்கள் உங்கள் மாதிரிக்குள் வரமாட்டார்கள், ஆனால் அதற்கென்று ஒரு தாள் வைத்திருங்கள்: பெயர், குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவு, அடுத்த கிளினிக் நாள். அந்தத் தாள் அன்று பின்னேரமே உத்தியோகத்தரின் கைக்குப் போக வேண்டும், ஆய்வு முடியும் வரை கோப்புக்குள் இருக்கக் கூடாது.